எஸ்தர் கேட்ட மூன்று கேள்விகள்

உபதேசியார் கொடுத்தனுப்பிய துண்டுக் கடதாசியைச் சற்குணம் மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் நின்றபடி வாசித்தாள். இரண்டாம் தரம் கதிரையில் இருந்து வாசித்தாள். மூன்றாம் தரம் வாசித்து முடிந்ததும் எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். சேலைத் தலைப்பு இடுப்புக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் வேறு ஒருவரும் வாய் திறப்பதில்லை. தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்த அவள் புருஷன் பெரியதம்பி, கையிலிருந்த பேப்பரைக் கண்மட்டத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

கடதாசியில் இருந்தது இவ்வளவுதான்: "தங்கள் மகள் எஸ்தர் இன்று ஓய்வுநாட் பள்ளிக்கூடத்தில் அவிசுவாசமான கேள்வி கேட்டபடியால், மன்னிப்புக் கேட்கும்வரை உயிர்த்த ஞாயிற்றுத் தனிப்பாட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறாள். இப்படிக்கு, தானியேல் கறுப்பையா, உபதேசியார்."

அன்று 1932ஆம் வருஷத்துக் குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டருக்குச் சரியாக ஒரு கிழமை இருந்தது. கண்டியில் அவர்கள் போகும் தமிழ்ச் சபையில் ஈஸ்டர் அன்று பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகளுக்கென்று தனி ஆராதனை நடக்கும். நாற்பது பிள்ளைகள் வரிசையாகப் பின்னால் நிற்க, ஒரேயொரு பிள்ளை முன்னுக்கு வந்து முதற் சரணத்தைத் தனியே பாட வேண்டும். இந்த வருஷம் அந்த ஒரு பிள்ளை ஏழு வயது எஸ்தர். வெள்ளைச் சட்டைக்கு லேஸ் வைத்துத் தைத்தாயிற்று. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் கடிதமும் போட்டாயிற்று.

"எஸ்தர், அப்பிடி என்னடி கேட்டனீ?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் யேசுவை அடக்கம் பண்ணினவை. ஞாயிற்றுக்கிழமை விடியக் கல்லறை வெறும். அப்ப எப்பிடி மூண்டு நாள் எண்டு கேட்டனான். நான் விரல்விட்டு எண்ணிப் பாத்தன் அம்மா, ஒண்டரை நாள்தான் வருது."

சற்குணம் தன் விரல்களில் எண்ணினாள். பேப்பருக்குப் பின்னால் பெரியதம்பியும் எண்ணினார். இரண்டு பேருக்கும் ஒன்றரைதான் வந்தது.

"முப்பது வருசமாய் ஒவ்வொரு ஞாயிறும் எழும்பி நிண்டு 'மூன்றாம் நாள்' எண்டு சொல்லுறன். ஒருநாளாவது எண்ணிப் பாத்தனா? என்ரை பிள்ளையின்ரை மூளையைப் பாருங்கோ!"

"இஞ்சேரும்," என்று பேப்பர் மெதுவாகச் சொன்னது. "ஒரு மன்னிப்புத்தானே. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் பாடட்டன்."

"தெரியாததைக் கேட்டதுக்கு மன்னிப்போ? கந்தோரில நாலு துரைமாரிட்ட நீங்கள் மன்னிப்புக் கேக்கிறது எங்கடை குடும்பத்துக்குக் காணும். என்ரை பிள்ளை கேக்க மாட்டாள்."

எஸ்தர் அழவில்லை, சிணுங்கவும் இல்லை. போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஹபீலாவோடு விளையாட ஓடிவிட்டாள். எவ்வளவு தைரியம் என்று சற்குணத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்காவிட்டால் தான் அந்தக் கோயில் படியில் ஏறுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

நாலு வயது மார்த்தாள் மட்டும் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, யேசு விடிய எழும்பினவுடனை பல்லு விளக்கினவரோ?"

"விளக்கியிருப்பார், போ."

"என்னத்தாலை?"

நல்ல வேளையாக அந்தக் கேள்வி உபதேசியார் காதுக்குப் போகவில்லை.

*

மறுநாள் காலையில் சற்குணம் எஸ்தரைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த உபதேசியார் வீட்டுக்குப் போனாள். கறுப்பையா உபதேசியாருக்குப் பெரிய மீசை. அந்த மீசைக்குப் பின்னால் இருந்தவர் மெத்தப் பயந்த மனுஷன். உபதேசியாராக வருவதற்கு முன் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

"வாங்கம்மா, வாங்க. பாப்பாவும் வந்திருக்கா. மன்னிப்புக் கேக்கத்தானே?"

"பதில் கேக்க."

உபதேசியாரின் மீசை சற்று இறங்கியது. "சின்னப் புள்ள கேக்குற கேள்வியாங்கம்மா இது?"

"சின்னப் பிள்ளை கேக்காமல்? ஆருக்குச் சொல்லிக் குடுக்கிறதுக்கு உங்களைச் சபை வைச்சிருக்கு? மூண்டு நாளைக் காட்டுங்கோ. காட்டினால் நாங்கள் பேசாமல் போறம்."

உபதேசியார் தொண்டையைச் செருமினார். பிறகு தனக்குத் தெரிந்த கணக்கில் இறங்கினார். தோட்டத்தில் முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதி நாள் செய்தால் அரைப் பேர்.

"வெள்ளிக்கிழமை பின்னேரத்த அரைப் பேருன்னு வச்சுக்கங்க. சனிக்கிழமை முழுப் பேரு. ஆச்சா? ஒண்ணரை. ஞாயித்துக்கிழமை..." விரலை மடக்கப் போனவர் நின்றார். "ஞாயித்துக்கிழமை பெரட்டுக்கு முன்னாலயே எந்திரிச்சிட்டாரே..."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவது. அதில் நிற்காதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது. உபதேசியார் மடக்கிய விரலை விரித்து, விரித்ததை மறுபடி மடக்கிப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. எப்படிப் போட்டாலும் ஆண்டவருக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் எழுத அவரால் முடியவில்லை.

"சரிங்கம்மா," என்றார் கடைசியில். "மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாப்பா வந்து பாடட்டும். நேத்து ஏதோ கோவத்துல எழுதிப்புட்டேன்."

சற்குணம் வெற்றியோடு சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்தாள். எல்லாம் சுபமாக முடிந்தது. வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் எஸ்தர் திரும்பி நின்றாள்.

"உபதேசியார், இன்னும் ஒரு கேள்வி. கல்லறைக்கு முதல்ல போனது பொம்பிளையள். 'நீங்கள் போய்ச் சொல்லுங்கோ' எண்டு தேவதூதன் அவையளைத்தான் அனுப்பினவர். ஆம்பிளையள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளை இருந்தவை. அப்ப எங்கடை கோயில்ல ஏன் ஆம்பிளையள் மட்டும் பிரசங்கம் பண்ணுறவை?"

உபதேசியாரின் முகம் சிவந்து கறுத்தது. "அம்மா! இது புள்ள வாயில வர்ற கேள்வி இல்லீங்க. நீங்க வச்ச கேள்வி!"

சற்குணம் சத்தியமாக அந்தக் கேள்வியை வைக்கவில்லை. தனக்கு அது தோன்றாமற் போயிற்றே என்றுதான் அவளுக்கு வருத்தம். சேலைத் தலைப்பு திரும்ப இடுப்புக்குப் போனது.

"நான் வைச்சிருந்தால் பெருமையாய்ச் சொல்லுவன். உபதேசியார், போன வருசம் நான் வோட்டுப் போட்டனான். இந்த நாட்டை ஆர் ஆளுறது எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. பைபிளில இருக்கிறதைக் கேக்க என்ரை பிள்ளைக்கு உரிமை இல்லையோ? பதிலைச் சொல்லுங்கோ!"

"ஐயர் வந்து சொல்லட்டுங்க. அதுவரைக்கும் பாட்டு இல்ல!" என்று உபதேசியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியா?" என்றாள் சற்குணம் மகளிடம். "கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளை இருக்கிறார்."

எஸ்தர் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

*

சற்குணம் சும்மா இருக்கவில்லை. அவள் அந்தச் சபையின் மாதர் சங்கக் காரியதரிசி. அன்று பின்னேரமே பதினொரு பெண்களையும் கூட்டிவைத்து, மகளின் இரண்டாவது கேள்வியை அப்படியே எடுத்து வாசித்தாள். பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷமாகப் பூ வைத்தது யார்? கோயில் கூட்டியது யார்? தேத்தண்ணி ஊற்றியது யார்? அரை மணித்தியாலத்தில் தீர்மானம் நிறைவேறியது. எஸ்தருக்குப் பதில் கிடைக்கும்வரை ஈஸ்டருக்குப் பூவும் இல்லை, தின்னப் பணிசும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை.

புதன்கிழமை நத்தானியேல் ஐயரே வீடு தேடி வந்துவிட்டார். ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். புரட்டஸ்தாந்துப் போதகர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். வெள்ளைத் தாடியும் கறுப்புக் குடையுமாக இருந்த அந்த மனுஷனுக்குச் சண்டை என்றாலே ஆகாது.

சற்குணம் கோப்பி கொடுத்தாள். அவர் இரண்டு மிடறு குடித்தார்.

"பிள்ளை சற்குணம், எஸ்தர் கேட்டது சரிதான். முதல்ல சாட்சி சொன்னது பெண்கள்தான். அதைப் பற்றி நாங்கள் ஆறுதலாய் யோசிக்கத்தான் வேணும். அதுக்காக ஈஸ்டரைக் குழப்ப வேண்டாம். பிள்ளை வந்து பாடட்டும். நானே சொல்லுறன்."

பெரியதம்பி பேப்பரை மடித்து வைத்தார். மூன்று நாளாக அவர் முகத்தை வீட்டார் முழுதாகக் கண்டது அப்போதுதான்.

"ஓம் ஐயர். பாடுவாள்," என்றாள் சற்குணம். கண் கலங்கிவிட்டது. பாட்டைப் பற்றி இந்தப் பெண் சிங்கத்துக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

அப்போது வேலிக்கு மேலாக ஒரு கூடை எழும்பியது. பக்கத்து வீட்டு ருக்கியா, ஹபீலாவின் தாய். அவள் புருஷன் மக்கீனுக்கு மடவளையில் கடை. அங்கேயிருந்து பண்டிகைக்கென்று முட்டை கொண்டுவந்து தரச் சொல்லியிருந்தாள் சற்குணம்.

"சற்குணம் அக்கா, இந்தாங்க முட்ட. நாப்பதும் சரியா ஈக்கி."

எஸ்தர் ருக்கியாவைப் பார்த்தாள். பிறகு ஐயரைப் பார்த்தாள்.

"ஐயர், ருக்கியா மாமி மோட்சத்துக்கு வருவாவோ?"

ஐயரின் கோப்பி கோப்பையிலிருந்து பீரிசுக்கும், பீரிசிலிருந்து வெள்ளை அங்கிக்கும் இறங்கியது.

"அது... அது கர்த்தருடைய சித்தம், மகள்."

"வருவா எண்டோ, வரமாட்டா எண்டோ?"

"அதை அப்பிடி ஒரு சொல்லில..."

"எனக்குச் சின்னம்மை வந்த நேரம் அம்மாவும் படுக்கையில. ருக்கியா மாமிதான் பக்கத்தில இருந்து பாத்தவ. அவ வராட்டி நானும் மோட்சத்துக்கு வரேல்லை. மோட்சத்தைப் பற்றிப் பாடவும் மாட்டன்."

வேலிக்கு மேலாக ருக்கியாவின் முகம் முழுதாக எழும்பியது. "நீங்க யோசிக்காதீங்க ஐயர். நான் எங்கட சுவர்க்கத்துக்குப் போகத்தான் அஞ்சு நேரமும் தொழுற. அங்க எடமிருந்தா புள்ளையையும் கூட்டிக்குப் போறேன்."

ஐயர் குடையைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. "இது பெரிய விஷயம், பிள்ளை. சபைக் கமிட்டியில வைச்சுத்தான் பேச வேணும். ஈஸ்டர் முடியட்டும். பாட்டுக்கு இந்த முறை வேறை ஒரு பிள்ளையைப் பாப்பம்."

வேறை ஒரு பிள்ளை! சற்குணத்துக்கு உச்சந்தலை கொதித்தது. எல்லாச் சனமும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மகள் கேட்க வேண்டியதைக் கேட்டதற்காக, வேறு ஒருத்தி முன்னுக்கு வந்து நிற்பதா?

"ஐயர்," என்றாள் நிதானமாக. "கோயில் உங்கடை. வீட்டு முத்தம் என்ரை. ஞாயிற்றுக்கிழமை என்ரை முத்தத்தில ஈஸ்டர் நடக்கும். ஆரும் வரலாம். என்ன கேள்வியும் கேக்கலாம்."

பேப்பர் மறுபடி உயர்ந்தது.

*

சனிக்கிழமை கோயிலில் பூ வைக்க ஆளில்லை. உபதேசியார் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போய், ஒரு கட்டுப் பூ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெயிலில் பஸ் இரண்டு இடத்தில் நின்றது. கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தபோது அவை எல்லாம் தலையைத் தொங்கவிட்டிருந்தன. பெரிய வெள்ளிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

இங்கே சற்குணத்தின் குசினியில் முட்டைகள் அவிந்துகொண்டிருந்தன. மஞ்சள் போட்டு ஒரு சட்டி, பீற்றூட் போட்டு ஒரு சட்டி. ஹபீலா வாசலில் நின்று வியப்போடு பார்த்தாள். அவளும் எஸ்தரும் ஒரே வயது.

"எஸ்தர், ஒன்ட பேர்லயா பெருநாள்?"

"எஸ்தர் இல்லை, ஈஸ்டர்."

"ரெண்டும் ஒண்டுதானே. எனக்கெண்டு ஒரு பெருநாள் இல்ல," என்று ஹபீலா பெருமூச்சு விட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கழிந்ததும் முற்றம் நிறையத் தொடங்கியது. மாதர் சங்கத்துப் பதினொரு பேரும் தங்கள் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். ஒழுங்கையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் முட்டை என்ற சொல்லைக் கேட்டு வந்துவிட்டார்கள். செம்பரத்தை வேலியிலும் வாழையடியிலும் கிணற்றுக்கட்டிலும் முட்டைகளை ஒளித்துவைத்துத் தேடச் சொன்னாள் சற்குணம். கண்டெடுத்த பிள்ளைகளைப் பாயில் இருத்தி, கல்லறை வெறுமையாக இருந்த கதையைச் சொன்னாள். கதையைச் சொல்லி முடிக்க விட்டால்தானே!

"கல்லை உருட்டின தேவதூதனுக்குக் கை நொந்திருக்காதோ?"

"இல்லை. அவர் பலசாலி."

"யேசு கதவைத் திறக்காமல் உள்ளை வந்தவர் எண்டா, பிறகு மீன் சாப்பிட்டவரே, அது எப்பிடி வயித்துக்குள்ளை நிண்டது?"

"நல்ல கேள்வி," என்றாள் சற்குணம். அது அவளுக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரிய மனுஷர் ஒருவர் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. சற்குணத்துக்கும் அது சொல்லச் சொல்ல ருசியாக இருந்தது.

மூன்று மணிக்கு உபதேசியார் வேகுவேகென்று வந்தார். பின்னால் குடையோடு ஐயர். நாலு மணி ஆராதனைக்குக் கோயிலில் ஒரு பிள்ளையும் இல்லை. பாட்டுக்கென்று பார்த்துவைத்த வேறை ஒரு பிள்ளையும் இங்கே பாயில் இருந்து முட்டை தின்றுகொண்டிருந்தது.

வாசலுக்கு வந்த உபதேசியார் சடாரென்று நின்றார். ஐயர் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்.

"தாண்டாதீங்க ஐயரே! வச்சிருக்காக!"

வாசலின் நட்டநடுவில் ஒரு வெற்றிலை. வெற்றிலையில் ஒரு மஞ்சள் முட்டை. முட்டையைச் சுற்றி இரத்தச் சிவப்பில் செம்பரத்தைப் பூ. செய்வினை என்றால் இதைவிடத் திருத்தமாக ஒரு மந்திரவாதியாலும் வைக்க முடியாது.

"யார் வீட்டுக்கு வச்சாகளோ! காலு வெளங்காமப் போயிரும் ஐயரே! நாப்பத்தெட்டு நாளு..."

அதற்குள் மார்த்தாள் ஓடிவந்தாள். முட்டையை ஒளிக்கத் தெரியாமல் வாசலில் வைத்தது அவள்தான். வடிவாக இருக்கட்டும் என்று பூவும் வைத்திருந்தாள். ஒருவரும் கண்டுபிடிக்க வராததால் அலுத்துப்போய், செய்வினையைக் கையில் எடுத்து, கோதை உரித்து, ஒரு கடி கடித்தாள்.

"உப்பு இருக்கோ?" என்று உபதேசியாரைக் கேட்டாள்.

முற்றம் முழுதும் கொல்லென்று சிரித்தது. சற்குணம் மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"செத்தவர் எழும்பினார் எண்டு பிரசங்கம் பண்ணுற உபதேசியாருக்கு அவிச்ச முட்டைக்குப் பயமோ? இதுக்குப் பேர் என்ன? விசுவாசமோ, அவிசுவாசமோ? இப்ப ஆர் ஆரிட்ட மன்னிப்புக் கேக்கிறது?"

கறுப்பையா உபதேசியார் தலை குனிந்து நின்றார். நல்ல மனுஷன் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். நேரே நடந்துவந்து, எஸ்தருக்கு முன்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

"பாப்பா, நாந்தான் மன்னிப்புக் கேக்கணும். எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஒன்ன வெளிய போட்டேன். ஒரு வாரமா எண்ணுறேன் பாப்பா, மூணு நாளு வரவே மாட்டேங்குது."

வேலிப் பக்கம் நின்ற ருக்கியா குறுக்கிட்டாள்.

"என்னத்த எண்ணுறீங்க ஒரு கிழமையா? உங்கட மார்க்கத்தப் பத்தி நான் வாய் தொறக்க மாட்டேன். நாள் எண்ணுறத மட்டும் செல்லுறேன். வெள்ளிக்கிழம பின்னேரம் அஸர் தொழுற நேரம் எங்கட ஒராள் மௌத்தாகி அடக்கினா, மூணாம் நாள் கத்தம் எப்ப ஓதுற? ஞாயித்துக்கிழம! மௌத்தான நாள் ஒண்டு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. மணித்தியாலத்தயா எண்ணுற, நாளத்தானே எண்ணுற!"

உபதேசியார் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஐயரே! வந்திருச்சு! மூணு பேரும் முழுசா விழுந்திருச்சு!"

ஐயருக்குக் கண் கலங்கியது. நாற்பது வருஷமாகப் பிரசங்கம் செய்கிறவர், இந்த விடையை ஒரு வேலிக்கு மேலாகக் கேட்டுக்கொண்டார். குடையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"அப்ப மற்ற இரண்டுக்கும் நான் இப்பவே பதில் சொல்லுறன். கமிட்டி கேட்டால் கேக்கட்டும். சற்குணம், இண்டைக்கு நாலு மணிக்குப் பிரசங்க பீடத்தில ஏறி உயிர்த்தெழுந்த கதையை நீர்தான் வாசிச்சு விளங்கப்படுத்திறீர். இங்கை பிள்ளையளுக்குச் சொன்ன மாதிரியே சொல்லும். எஸ்தர், ருக்கியா மோட்சத்துக்கு வருவாவோ எண்டு எனக்குத் தெரியாது, மகள். மோட்சத்துப் பூட்டின்ரை திறப்பு என்ரை கையில இல்லை. ஆனால் அவ வாசலில வந்து நிண்டால், கதவைச் சாத்திற ஆளாய் நான் நிக்க மாட்டன்."

மாதர் சங்கம் ஆரவாரம் செய்தது. யாரோ ஓடிப்போய்ச் செம்பரத்தையும் மல்லிகையும் பறிக்கத் தொடங்கினார்கள். பெரியதம்பி பேப்பரை நாலாக மடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனார்.

சற்குணத்துக்கு உலகம் முழுவதையும் வென்ற மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்காமல், தலை குனியாமல், கேட்ட கேள்வி மூன்றுக்கும் பதில் வாங்கிவிட்டாள். அலுமாரியைத் திறந்து லேஸ் வைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"வா மோனை எஸ்தர்! இனி உன்னை ஒருத்தரும் தடுக்கேலாது. நாற்பது பேருக்கும் முன்னாலை நீ தனியப் பாடப் போறாய்!"

"பாடு பாப்பா, நல்லாச் சத்தமாப் பாடு!" என்றார் உபதேசியார்.

எஸ்தர் சட்டையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். ஐயரைப் பார்த்தாள். இன்னொரு கேள்விக்காக வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயால் 'ஓ'வென்று அழத் தொடங்கி, ஹபீலாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் ஐயர் குரல் தழுதழுக்க.

ஹபீலா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எல்லாரையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தாள்.

"ஆனந்தமா? தனியப் பாடப் பயத்துல, பாட்டுல இருந்து வெளிய போடட்டும் எண்டுதானே மாமி நானும் எஸ்தரும் ஒரு மாசமா கேள்வி தேடின. இப்ப நீங்க எல்லாரும் சேந்து எல்லாத்துக்கும் பதில் கண்டுபுடிச்சிட்டீங்களே!"